பெங்களூரில் ஐந்து பெண்களும் ஒரு அண்ணாவும்

பெங்களூரில் ஆண்பிள்ளை என்று ஒருவர் கண்ணில் பட்டால் அவர் அண்ணாதான். ஆட்டோ ஓட்டுபவர் அண்ணா, இளநீர் சீவுபவர் அண்ணா, பூ விற்பவர் அண்ணா. தலை நரைத்த அம்மாள் ஒருவர், மீசை இன்னும் சரியாக முளைக்காத ஒரு பையனைப் பார்த்து, "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று கன்னடத்தில் சொன்னார். பையனும் பேரன் போலத் தள்ளி நின்றான். எங்கள் கிள்ளானிலும் சாப்பாட்டுக் கடையில் "அண்ணே, தே தாரிக் ஒண்ணு" என்றுதான் டீ கேட்போம். ஆனால் ஒரு ஊரே கூடி இப்படி உறவு கொண்டாடுவதை மலேசியாவில் நான் பார்த்ததில்லை. இந்த ஒரு சொல் அடுத்த சில நாட்கள் என் உயிரை வாங்கப் போகிறது என்று வந்திறங்கிய காலையில் எனக்குத் தெரியாது.

நான் ஊர் சுற்ற வரவில்லை. ஜப்பானிய அனிமே தொடர்களுக்குத் தமிழில் வசன வரி எழுதுவது என் பிழைப்பு. ஐம்பதைத் தொடப்போகிற வயதில், பள்ளிச் சீருடை போட்ட கார்ட்டூன் பிள்ளைகளின் காதலைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று வீட்டில் எல்லோரும் கேட்டாயிற்று. இல்லை. எனக்கு வேலை கொடுக்கும் கோலாலம்பூர் நிறுவனம் ஒரு காதல் தொடரைத் தமிழில் குரல் கொடுத்து வெளியிடப் போகிறது. குரல் பதிவு நடப்பது பெங்களூரில். நான் வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டு, சரி என்று சொன்னால்தான் அது வெளியே போகும்.

காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் அந்த ஸ்டூடியோ. படியேறும்போதே பன் வாசம் தூக்கியது. மேலே சேகர் நின்றுகொண்டிருந்தார். ஸ்ரீராம்புரத்துக்காரர். ஸ்டூடியோ முதலாளியும் அவர்தான், தமிழ் வசனம் எழுதியவரும் அவர்தான், தொடரின் நாயகனுக்குக் குரல் கொடுப்பவரும் அவர்தான். நாயகன் கெந்தாவுக்குப் பதினேழு வயது. சேகரின் தொப்பைக்கு மட்டுமே அந்த வயதிருக்கும். ஆனால் மைக் முன்னால் நின்று "நானா? நான் ஒண்ணும் பண்ணலையே!" என்று அவர் கூவியபோது, கண்ணை மூடிக்கொண்டால் எதிரே ஒரு விடலைப் பையன்தான் நின்றான். ஆடிப்போய்விட்டேன்.

"பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் கேட்போம்.

"ஆஹா, இன்னா அழகா கேக்கறீங்க மேடம்! இங்க எவனும் இப்டி கேக்கமாட்டான். 'ஊட்டா ஆய்த்தா'ம்பான், 'சாப்டியா'ம்பான். வாங்க, ஒரு பை டூ காபி சொல்லலாம்."

ஒரு காபியை இரண்டு சின்ன கிளாஸில் பிரித்துக் கொடுப்பதற்குப் பெயர்தான் பை டூ. எங்கள் ஊர் மைலோ குவளையில் ஒரு குழந்தையையே குளிப்பாட்டலாம். இங்கே கொடுத்ததை இரண்டு மிடறில் முடித்துவிட்டுக் கீழே பார்த்தேன், இன்னும் இருக்கிறதா என்று. ஆனால் அந்த இரண்டு மிடறு! என் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகத் தோன்றியது.

தொடரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த வகைக்கு ஹேரம் என்று பெயர். ஒரு பையன், அவனைச் சுற்றி ஐந்து பெண்கள், ஐந்து பேருக்கும் அவன்மேல் ஒரு கண். பையன் பார்க்கச் சுமார், படிப்பும் சுமார், பெண்கள் விஷயத்தில் தலைகீழாக நின்று சொன்னாலும் மண்டையில் ஏறாது. பெண்களில் ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரி, சின்ன வயதிலிருந்தே தோழி. இந்த வகைக் கதைகளில் அவள் தோற்கப் பிறந்தவள், பாவம். ஒருத்தி கோபக்காரி. "உனக்காக ஒண்ணும் நான் சாப்பாடு கொண்டுவரலை" என்று சொல்லியே சாப்பாட்டு டப்பாவை நீட்டுவாள். ஒருத்தி வகுப்புத் தலைவி. ஒருத்தி பாதியில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவள். அனேகமாக ஜெயிப்பது கோபக்காரி, இல்லையென்றால் வந்து சேர்ந்தவள்.

ஐந்தாவது யுமி. கெந்தாவுக்குக் கீழ்வகுப்பு. ஜப்பானில் மேல்வகுப்பு மாணவரை அழைக்க மரியாதையாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். யுமி அவனை அந்தச் சொல்லால்தான் கூப்பிடுவாள். தமிழில் அதற்கு சேகர் என்ன போட்டிருந்தார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புப் பெண் மேல்வகுப்புப் பையனை வேறு எப்படிக் கூப்பிடும்? எனக்கும் அதைக் கேட்டபோது தவறாகத் தோன்றவில்லை.

யுமியின் குரல் ரீனா. ஜீவனஹள்ளிக்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும். ஸ்டூடியோவுக்குள் நுழையும்போதே ஒரு ஊர்வலம் நுழைகிற மாதிரி சத்தம். வரும் வழியில் நடந்த சண்டை, பேக்கரிக்காரர் கொடுத்த பழைய பஃப்ஸ், சர்ச் ஃபெஸ்டுக்கு எடுத்த புடவை எல்லாவற்றையும் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். கண்ணாடி அறைக்குள் போய் ஹெட்ஃபோனை மாட்டினாள். "அண்ணா, உங்க குடை" என்றாள். அவ்வளவுதான் வசனம். கொஞ்சம் கரகரப்பான, தூங்கி எழுந்த குரல். அந்தக் குடையை நானே கை நீட்டி வாங்கியிருப்பேன்.

"இந்தப் பொண்ணு நல்லா பண்ணுதே" என்றேன் சேகரிடம்.

"பண்ணும் பண்ணும். சின்ன ரோல்தானே மேடம். பக்கத்து வூட்டு ஆன்ட்டி, நர்சு, பேயி, கூட்டத்துல கத்துற பொம்பள, எல்லாத்துக்கும் ரீனாதான்" என்றார்.

மறுநாள் முழுக்கத் தொடரைப் பார்த்தோம். கடற்கரைக்குப் போகும் பகுதி வந்தது. நீச்சல் உடை போடாமல் ஹேரம் கிடையாது. சேகர் எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தார். "பேக்கரி பையனுங்க எட்டிப் பாப்பானுங்க மேடம்" என்று சமாளித்தார். அடுத்து, கெந்தாவுக்குக் காய்ச்சல். நாயகனுக்குக் காய்ச்சல் வந்தால் நாயகிகள் கஞ்சி காய்ச்ச வேண்டும், அதுவும் எழுதாத சட்டம். நாலு பெண்கள் நாலு கஞ்சியோடு வந்து, அந்தப் பையனுக்கு ஊட்டி ஊட்டியே காய்ச்சலை ஏற்றிவிட்டார்கள். கடைசியில் யுமி வந்தாள். கஞ்சி இல்லை. "அண்ணா, தூங்குங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுப் போனாள். நான் அதை ஒரு சிரிப்புக் காட்சி என்று நினைத்துத் தாண்டிப்போனேன்.

பிறகு வாணவேடிக்கை. கோடைத் திருவிழாவில் வானத்தில் பட்டாசு வெடிக்கும். அந்த நேரம் பார்த்துப் பெண் தன் மனதைச் சொல்லுவாள். டமார்! பையன் திரும்பி, "என்ன சொன்ன?" என்பான். "ஒண்ணுமில்ல" என்று அவள் சிரிப்பாள். எத்தனை தொடரில் பார்த்திருப்பேன்! ஒவ்வொரு தடவையும் தொலைக்காட்சிக்குள் கையை விட்டு அவன் காதைத் திருகத் தோன்றும். இதிலும் பக்கத்து வீட்டுத் தோழி சொன்னாள், டமார் என்றது, கெந்தா "என்ன சொன்ன?" என்றான். வழக்கம்போல என்று நானும் சேகரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டோம்.

யார் ஜெயிப்பாள் என்று குரல் கொடுப்பவர்களுக்குள் மசால் தோசைப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் பகுதியை மட்டும் ஜப்பானில் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள், யாருக்கும் முடிவு தெரியாது. அன்று சாயங்காலம்தான் அது வந்து சேர்ந்தது. நானும் சேகரும் மட்டும் உட்கார்ந்து பார்த்தோம்.

மறுபடியும் கோடைத் திருவிழா. கெந்தாவின் பக்கத்தில் யுமி நிற்கிறாள். நமக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிகிறது. மரியாதைச் சொல்லை விட்டுவிட்டு, முதல் தடவையாக அவன் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுகிறாள். டமார்! வானம் முழுக்க வெளிச்சம். அவன் திரும்புகிறான். "என்ன சொன்ன?" வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். அவன் சொல்கிறான்: "கேட்டுச்சு." கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்கு அவ சொன்னதும் கேட்டுச்சு. பயந்துட்டுக் கேக்காத மாதிரி இருந்தேன்."

இத்தனை வருஷமாக நான் பார்த்த அத்தனை செவிட்டு நாயகர்களும் வரிசையாகக் கண்முன் வந்தார்கள். அடப்பாவிகளா, உங்கள் எல்லோருக்கும் காது கேட்டதா? மண்டையில் ஏறாத பையன் என்று நாங்கள் சிரித்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு பயந்த பையன் நின்றுகொண்டிருந்தானா? ஒரே ஒரு வார்த்தையில் அந்த வகைக் கதை முழுவதையும் புரட்டிப் போட்டுவிட்டார்களே!

சேகர் பக்கம் திரும்பினேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"மேடம்… இவ ஃபுல்லா 'அண்ணா'ன்னு கூப்டுகினு இருந்தா மேடம்."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. தொடர் முழுக்க வாய் நிறைய அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டவள் கடைசியில் அவனையே காதலிக்கிறாள். ஜப்பானில் ஒரு பிரச்சினையும் இல்லை. தமிழில்?

"எங்க ஏரியாவுல எவனாவது ஒரு பொண்ணு பின்னாடி சுத்தினா, அது திரும்பி 'இன்னா அண்ணா'ன்னு ஒரு வார்த்த கேட்டுட்டா போதும், அவன் செத்தான். அதுக்கு மேல அவன் நிக்க முடியாது" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் சேகர். "அஞ்சாவது பொண்ணு, சும்மா கூட்டத்துக்கு வெச்சிருக்கான்னு நெனச்சேன். அண்ணா போட்டா ஒரு பேஜாரு கொறையும்னு போட்டேன். இப்ப இவதான் ஹீரோயின்னா நான் எங்க போவேன்?"

ஒரு பை டூ காபி முடிவதற்குள் அவரே வழியும் கண்டுபிடித்துவிட்டார். யுமியின் வசனத்தை முதலிலிருந்து மறுபடி பதிவு செய்வது. அண்ணாவை எடுத்துவிட்டு 'சீனியர்' என்று போடுவது. எப்படியும் மொத்தமும் மறுபடி செய்யப்போவதால், சென்னையிலிருந்து நாயகிக் குரல் உள்ள ஒரு பெண்ணை வரவழைத்துவிடுவது. "ரீனா கொரலு ஹீரோயின் கொரலா மேடம், நீங்களே சொல்லுங்க? கரகரன்னுது. அவகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. பக்குவமா நான் சொல்லிக்கறேன்." நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு ரகசியம் தங்காது என்பதை மட்டும் அவரிடம் சொல்லியிருக்கலாம்.

அடுத்த நாள் வைட்ஃபீல்டில் இருக்கும் என் தங்கை மகளுக்கு ஒரு டின் பிஸ்கட் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. ரீனாவும் அதே பக்கம்தான், ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் வரவேற்பு மேசையில் வேலை. "மெட்ரோல வாங்கக்கா, கேப்ல போனா பேரன் பேத்தி எடுத்துட்டுத்தான் போய்ச் சேருவீங்க" என்று முதல் நாளே எச்சரித்திருந்தாள். கிள்ளான் நெடுஞ்சாலையில் காடி ஓட்டுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு நெரிசலா என்று வீம்புக்கு கேப் எடுத்தேன். ஒரு மேம்பாலத்துக்கு அடியில் போய் நின்றது, நின்றதுதான். பக்கத்து வண்டிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து சித்ரான்னம் சாப்பிட ஆரம்பித்தார். என் ஓட்டுநர் அவரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். "எனக்கும் கொஞ்சம் வெச்சிருன்னு சொன்னேன் மேடம்" என்றார் தமிழில். கடைசியில் நான் இறங்கி, டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே போனேன்.

டின்னைக் கொடுத்துவிட்டு, ரீனா வேலை பார்க்கும் குடியிருப்புக்குப் போனபோது வேலை முடியும் நேரம். வாசலில் நுழைகிறேன், தலைக்கு மேல் ஒலிபெருக்கியில் யுமியின் குரல். லிஃப்ட் பழுது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில், இங்கிலீஷில், இந்தியில். மேசையில் ரீனா ஒரு கையால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் காவலாளிக்கு ஜாடை காட்டி, நடுவில் வேலைக்கு வரும் ஓர் அம்மாவிடம் தமிழில் "மாடிப்படில ஏறிப் போங்கம்மா, பாத்து" என்றும் சொன்னாள். நான் ஒரு மொழியை வைத்துக்கொண்டு முப்பது வருஷமாகத் திண்டாடுகிறேன். கும்பிடலாம் போல இருந்தது.

திரும்பும்போது மெட்ரோ. சுகமாக நின்றுகொண்டே வந்தோம். பக்கத்தில் ஒரு பையன் போனில் கன்னடத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தான். "சாப்பிட்டேன்மா, நிஜமா சாப்பிட்டேன், உன்மேல சத்தியமாங்கறான். பொய்யிக்கா, மூஞ்சியப் பாருங்க" என்று ரீனா என் காதில் மொழிபெயர்த்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ரீனா, கடைசிப் பகுதி வந்துடுச்சு. யுமிதான் ஜெயிக்கிறா."

"ஐயோ மாதாவே! யுமியா? என் யுமியா?" பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போன் பையன்கூட அம்மாவை மறந்துவிட்டான். ரீனா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். "நான்தான் ஹீரோயினாக்கா? நானா?"

பாதி சொன்னவள் மீதியையும் சொல்லத்தானே வேண்டும். சொன்னேன். அண்ணா என்று கூப்பிட்டுத் தொலைத்த சிக்கல், மறுபதிவு, சென்னையிலிருந்து வேறு குரல். அவள் என் கையை விட்டுவிட்டாள். இரண்டு நிலையம் போகும்வரை பேசவில்லை. ரீனா பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எப்பவும் நான் பாதில செத்துப்போற ரோல்தான்க்கா பண்ணியிருக்கேன்" என்றாள் கடைசியில். "பேயாவே ஆரம்பிச்சதும் உண்டு. இதுலதான் கடைசி வரைக்கும் உயிரோட இருக்கேன்னு சந்தோஷமா இருந்துச்சு. ஹீரோயின்னுகூடத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்."

நான் அவள் தோளைத் தொட்டேன். "நீ நல்லாத்தான் பண்ணியிருக்கே லா. ஆனா அண்ணான்னு கூப்பிட்டுட்டு அப்புறம் எப்படிம்மா? யாரு ஒத்துக்குவா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "நானே அப்படித்தானேக்கா கட்டிக்கிட்டேன்!"

அவள் கணவர் ஜெரால்டு சர்ச் பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். குழுவில் மூத்த பையன்கள் எல்லோரும் அண்ணாதான், அவரும் அண்ணா. வருஷக்கணக்காக அண்ணா, சுருதி கொடுங்க, அண்ணா, இன்னொரு தடவை. ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். அவர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் தன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், ஒத்திகைக்கு வரமுடியாது என்று சொல்ல இவள் போய் நின்றாள்.

"அண்ணான்னு ஆரம்பிக்கத்தான் போனேன். 'அ'ன்னு வாய தொறந்தேன். அதுக்கு மேல வரலக்கா. என்ன பண்ணாலும் வரல. அப்படியே முழுங்கிட்டு, 'நாளைக்கு என்னப் பாக்க வராங்க'ன்னு மட்டும் சொன்னேன். அவரு கையில இருந்த வயர கீழ போட்டுட்டாரு."

"நீதான் ஒண்ணுமே சொல்லலையே. அவருக்கு எப்படிப் புரிஞ்சுது?"

"அத்தன வருஷமா கூப்பிட்ட வார்த்தக்கா. ஒரு நாள் வரலைன்னா காதுல விழாதா?"

மெட்ரோ ஏதோ ஒரு நிலையத்தில் நின்று கிளம்பியது. நான் இறங்க வேண்டிய இடமா என்றுகூடப் பார்க்கவில்லை. தொடர் தொடராகக் காதல் வசனம் மொழிபெயர்த்த எனக்கு இப்படி ஒன்று இதுவரை கையில் அகப்பட்டதில்லை.

"இப்ப அவரை எப்படிக் கூப்பிடுவே?" என்று கேட்டேன்.

"எங்கேக்கா கூப்பிடறேன்? பேர் சொல்ல வாய் வரல, அண்ணான்னு சொல்ல முடியாது. அவரே திரும்பிக்குவாரு."

அடுத்த நாள் காலை தட்டை இட்லி சாப்பிட்டேன். பெயருக்கேற்ப ஒரு தட்டு அகலம், மேலே ஒரு உருண்டை வெண்ணெய். அந்தத் தெம்பில் ஸ்டூடியோ படியேறினேன். சேகர் போனைக் கையில் வைத்திருந்தார்.

"சென்னைக்குப் பேசிட்டீங்களா?"

"பேசப்போறேன் மேடம்."

"வேணாம். அண்ணா இருக்கட்டும்."

"மேடம்!"

"கேளுங்க. ஜப்பான்ல பார்க்கிறவனுக்கு யுமிமேல ஒரு ஓரமாவாவது சந்தேகம் இருந்திருக்கும். கீழ்வகுப்புப் பொண்ணும் இந்த வகைக் கதையில ஒரு ஆள்தான். ஆனா தமிழ்ல பார்க்கிறவன், அண்ணான்னு கேட்ட அடுத்த நொடியே அவளைக் கணக்குல இருந்து எடுத்துடுவான். எழுதின நீங்களே எடுத்துட்டீங்க. ரெண்டு நாளா பார்த்த நானும் எடுத்துட்டேன். குடையை அவதான் கொடுத்தா, ஜன்னலை அவதான் மூடினா, நம்ம ரெண்டு பேர் கண்ணுக்கும் தெரியல. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்க சேகர்! ஜப்பான்காரனுக்கே இப்படி ஒரு மறைவிடம் கிடைக்கல."

சேகர் போனை மேசையில் வைத்தார். தான் செய்த தப்பு இவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்று யாராவது சொன்னால் நம்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். "கடசில? அண்ணாவ எப்டி மேடம் எறக்குறது?"

"அதை ரீனா பார்த்துக்குவா. ஒரு தடவை. சரியா வரலைன்னா நீங்க போனை எடுங்க, நான் குறுக்கே நிக்கமாட்டேன்."

ரீனா அரை நாள் லீவு போட்டுவிட்டு மத்தியானம் வந்தாள். வரும்போது சத்தமே இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நேராகக் கண்ணாடி அறைக்குள் போனாள். சேகர் பக்கத்தில் இன்னொரு மைக் முன்னால் கெந்தாவாக நின்றார். கடைசிக் காட்சியை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவது என்று முடிவு. திரையில் கோடைத் திருவிழா, யுமியின் முதுகு. தாளில் எழுதியிருந்த வசனம் ஒரே சொல், 'கெந்தா'.

"அ…" என்றாள் ரீனா.

அதோடு சரி. கெந்தா என்று சொல்லவில்லை. அந்த 'அ' பாதியில் நின்றது, நின்ற இடத்தில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. அவள் அதை விழுங்கினாள். தொடர் முழுக்க, குடையோடும் ஜன்னலோடும் வந்துகொண்டே இருந்த அந்தச் சொல் வரவில்லை. வானத்தில் டமார் என்றது. அந்தச் சத்தத்துக்கு மறைக்க ஒன்றுமே இல்லை. இருந்தும் வராத அந்தச் சொல் வெடியையும் தாண்டிக் கேட்டது.

சேகர் பேச வேண்டும். அவர் பேசவில்லை. திரையில் கெந்தாவின் வாய் அசைந்து முடிந்துவிட்டது. சேகர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ரீனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் ஓடி நின்ற பிறகு, பதினேழு வயதுக் குரலில் இல்லை, ஸ்ரீராம்புரத்துச் சேகரின் சொந்தக் குரலில் மெதுவாகச் சொன்னார்: "கேட்டுச்சு ரீனா."

பிறகு கண்ணாடியைத் தட்டி, "வாய் அசைவு போச்சு, என்னுது மட்டும் ரீடேக்! உன்னுது அப்டியே இருக்கட்டும், தொடாத!" என்று கத்தினார். ரீனா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்ப மசால் தோசப் பந்தயம்? யுமின்னு யாருமே கட்டல இல்ல?" என்று கேட்டாள். ஊர்வலம் திரும்பி வந்துவிட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து சரி என்று கோலாலம்பூருக்கு எழுதி அனுப்பினேன். குரல் கொடுத்தவர்கள் பட்டியலில் 'யுமி – ரீனா' என்றுதான் முதலில் போடவேண்டும் என்றும் எழுதினேன்.

சாயங்காலம் எல்லோரும் கீழே இறங்கினோம். பேக்கரிக்கு எதிர்ப்புறம் ஜெரால்டு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, யாரோ ஒருவரிடம் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரன் அடித்துக் கிழித்துக்கொண்டு போயின. இந்த இரைச்சலில் எப்படிக் கூப்பிடப்போகிறாள் என்று நான் ஆவலாகப் பார்த்தேன். ரீனா சாலை ஓரத்துக்கு வந்து நின்றாள். வாயைத் திறக்கவேயில்லை.

அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.